‘பரவாயில்லை, விடுங்கள்’: மனித உணர்வைக் கையாளும் ஏஐ செய்யப் புகுவோருக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு பார்சல் நிறுவனத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நிரல் எழுதினோம். வாடிக்கையாளர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் செய்திகளைப் படித்து, கோபம், வருத்தம், மகிழ்ச்சி, அமைதி என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. முதல் மாத அறிக்கையில் ‘அமைதி’ நன்றாக ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது மாதம், வேறு எதையோ தேடப் போய், அந்த ‘அமைதி’ப் பட்டியலைத் திறந்து வரிசையாகப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே வாசகம், சிற்சில மாற்றங்களோடு: “பரவாயில்லை, விடுங்கள்.”

பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்லும் பரவாயில்லை ஒன்று. முகூர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் பட்டுப்புடவை வந்து சேரும்போது சொல்லும் பரவாயில்லை இன்னொன்று. இரண்டாவது வகையைச் சொன்னவர்களில் பலர் அதன்பின் அந்த நிறுவனத்தின் பக்கமே வரவில்லை. நாங்கள் அதற்குத்தான் இனிப்பு சாப்பிட்டிருந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படி அசடு வழியாமல் இருக்க, எதை எதற்குப் பின் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அதே வேலையையே எடுத்துக்கொள்கிறேன்: ஒரு சேவை நிறுவனத்துக்குத் தமிழில் வரும் செய்திகளைப் பிரித்து உரிய ஆளிடம் சேர்ப்பது. பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு தெரிந்தால் போதும். தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

“இவர் மனத்தில் என்ன இருக்கிறது?” என்ற கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதை இயந்திரத்திடம் கேட்காதீர்கள். “இந்தச் செய்திக்கு அடுத்து யார், என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆய்வுலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960-களின் பிற்பகுதியில் பப்புவா நியூ கினியில் ஃபோரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டி ஆராய்ந்தார். கோபம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு என்ற ஆறும் உலகப் பொது என்ற கருத்து அந்த ஆய்வுகளால் வலுப்பெற்றது. கணினிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஆறு பெட்டி, படத்தை ஏதாவது ஒன்றில் போட்டால் வேலை முடிந்தது. புதியவர்கள் பலர் முதலில் இறக்கிப் பார்க்கும் ஃபெர்-2013 என்ற படத்தொகுப்பு இந்த ஆறோடு ‘சாதாரணம்’ என்று ஒன்றைச் சேர்த்து ஏழு பெட்டி வைத்திருக்கிறது. 48-க்கு 48 புள்ளிகள் கொண்ட 35,887 கறுப்புவெள்ளை முகங்கள் அதில் இருக்கின்றன.

2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு ஆய்வாளர்களும் இது தொடர்பான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசினார்கள். கோபத்தில் இருப்பவர்கள் சராசரியாகப் பத்துக்கு மூன்று முறைதான் முகத்தைச் சுளிக்கிறார்கள்; முகம் சுளிப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இருப்பதும் இல்லை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கூட முகத்தைச் சுளித்துத்தான் படிப்பார். 2022-இல் மைக்ரோசாஃப்ட் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் பகுதியை விலக்கிக்கொண்டது. ஆகவே முகப்படத்தில் உணர்வு தேடும் வேலையோடு தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை.

எனக்கு இதில் உதவியது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு அது நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு களன்களைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு (அதாவது இழப்பு), அசைவு, வறுமை. ஒரு செய்தியில் ‘அழுகை’ என்று குறி போட்டால் அலுவலகத்தில் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. ‘இழவு: பொருள் தொலைந்தது’ என்று போட்டால் யார் எழுந்து எந்தக் கிடங்குக்குப் போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் இரண்டாவது முயற்சியில் பெட்டிகளை இப்படி மாற்றினோம்: பொருள் தொலைந்தது, தாமதம், பணம் திரும்ப வேண்டும், ஊழியர் நடத்தை பற்றிய குறை, மனிதர் உடனே பேச வேண்டும், பாராட்டு, தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்ற பெட்டியை வைக்க வெட்கப்படாதீர்கள்.

இரண்டாம் படி: யார் கையில் போகப்போகிறது?

நிரல் எழுதும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதனால் பயன் யாருக்கு? இது தவறினால் அடி யாருக்கு? இரண்டுக்கும் ஒரே ஆள் என்றால் பெரிய சிக்கல் இல்லை. பயன் முதலாளிக்கும் அடி ஊழியருக்கும் என்றால் அங்கேயே நில்லுங்கள்.

எங்களுக்கும் அது வந்தது. நிரல் ஓடத் தொடங்கிய சில வாரங்களில், “போன் எடுக்கும் பெண்களின் குரலில் சலிப்பு இருக்கிறதா என்று இதே மாதிரி கண்டுபிடிக்க முடியுமா? ஊக்கத்தொகை போடச் சௌகரியமாக இருக்கும்” என்று கேட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்தவரின் சம்பளத்தில் கை வைக்கிற வேலை அது. மாட்டோம் என்றோம். ஒப்பந்தம் போகும் என்று பயந்தோம்; போகவில்லை.

சட்டமும் இப்போது கொஞ்சம் துணைக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், முகம், குரல் போன்ற உடல்சார் தரவிலிருந்து ஒருவரின் உணர்வை வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் கணிப்பதைத் தடை செய்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கும் பிரிவு ஒன்றைக் கொண்டிருக்கிறது. வகுப்பறையில் மாணவர்களின் கவனத்தை அளக்கும் கேமரா செய்யும் எண்ணம் இருந்தால் அந்த 9-ஆம் பிரிவை முதலில் படியுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மூன்றாம் படி: தரவு

வாடிக்கையாளர் பார்சலைத் தேடித்தான் செய்தி அனுப்பினார். உங்கள் நிரலுக்குப் பாடம் சொல்ல அனுப்பவில்லை. எனவே கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று இந்தியச் சட்டமே சொல்கிறது. “உங்கள் செய்தியைப் பெயர், எண் நீக்கி எங்கள் கணினியைப் பழக்கப் பயன்படுத்தலாமா? வேண்டாம் என்றாலும் சேவை மாறாது” என்ற அளவில் எழுதினால் போதும். வழக்கறிஞர் எழுதிய இரண்டு பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

பெயர் நீக்குவதில் தமிழுக்கென்று ஒரு வேடிக்கையான தொல்லை இருக்கிறது. நம் பெயர்களில் பாதி உணர்ச்சிச் சொற்கள். “ஆனந்தி வீட்டுக்கு அனுப்பியது வந்து சேரவில்லை” என்ற செய்தியை எங்கள் முதல் நிரல் மகிழ்ச்சியில் போட்டது. அன்பு, இன்பா, மகிழன் எல்லோரும் அப்படியே. பெயரை எடுத்துவிட்டு ‘[ஆள்]’ என்று போட்ட பிறகு அவர்களின் மானமும் பிழைத்தது, எங்கள் கணக்கும் சரியானது.

வெளியிலிருந்து தரவு எடுப்பதானால், தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துகள் 15,744 கொண்ட ஒரு தொகுப்பு 2020-இல் வந்தது. பழகிப் பார்க்க நல்லது. ஆனால் திரைப்பட முன்னோட்டத்துக்குக் கீழே ரசிகர்கள் எழுதுவதும், பார்சலைத் தொலைத்தவர் எழுதுவதும் ஒன்றல்ல. ரசிகர் ‘செத்தான்’ என்று எழுதினால் எதிரணி ரசிகரைக் கிண்டல் செய்கிறார் என்று பொருள். கூகுளின் கோஇமோஷன்ஸ் என்ற தொகுப்பில் ரெடிட் என்ற இணையத் தளத்தின் 58,000 கருத்துகளை 27 உணர்வுகளாகவும் ‘சாதாரணம்’ என்றும் பிரித்திருக்கிறார்கள், எல்லாம் ஆங்கிலம். அதை இயந்திரத்தால் மொழிபெயர்த்துத் தமிழுக்குப் பயிற்சி கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். நம் ‘பரவாயில்லை’ அந்த 58,000-த்தில் எங்கும் கிடையாது.

நான்காம் படி: குறியிடுதல்

ஒவ்வொரு செய்தியும் எந்தப் பெட்டிக்கு உரியது என்று மனிதர்கள் எழுதி வைப்பதுதான் குறியிடுதல். மொத்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். அந்தக் குறிகளைப் பார்த்துப் பழகிப் புதுச் செய்திகளைப் பிரிக்கும் மாடல் பிறகு தானாக வரும்.

ஒவ்வொரு செய்தியையும் குறைந்தது மூன்று பேர், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல், குறியிட வேண்டும். மூவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது. எங்களுக்கு வந்த செய்திகளில் ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய ஒரு பெண்மணி எழுதியது: “உங்கள் ஆள் எனக்குப் பேசிவிட்டுப் போய்விட்டார்.” சென்னைக்காரர் இருவரும் ‘விநியோகம் பற்றிய தகவல்’ என்று குறித்திருந்தார்கள். பேசுவது என்றால் அங்கே ஏசுவது. நாம் பேசுவது என்பதை அவர்கள் கதைப்பது என்பார்கள். அது ஊழியர் நடத்தை பற்றிய குறை. அதுவும் கடுமையான குறை. மூன்றாவது ஆள் திரிகோணமலைக்காரர் என்பதால் தப்பித்தோம். அதேபோல, திருநெல்வேலிப் பக்கத்து ‘ஏலே’யைப் பிற ஊர்க்காரர் வசை என்று நினைத்துக் குறிப்பார். அங்கே அது பெற்ற தாய் மகனைக் கூப்பிடுவது.

குறியிடுவோருக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுங்கள். தமிழில் கோபம் பெரும்பாலும் கெட்ட வார்த்தையில் வருவதில்லை, மரியாதையில் வருகிறது. முதல் செய்தியில் ‘நீங்கள்’ என்று எழுதியவர் மூன்றாவதில் ‘நீ’ என்று இறங்கியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது. அதுவே எதிர்த்திசையிலும் நடக்கும். “ஐயா பெரியவர்களே, தங்கள் பொன்னான நேரத்தில்” என்று ஏறினாலும் முற்றிவிட்டது. கைகூப்பும் சிறு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி, கெஞ்சல் என்ற மூன்றும் அதற்குப் பொருந்தும். நான்காவதாக, “உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு, ஆளை விடுங்கள்” என்பதும் பொருந்தும். ஒற்றைச் செய்தியை மட்டும் காட்டினால் எந்தக் கும்பிடு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முந்தைய மூன்று செய்திகளையும் சேர்த்துக் காட்டுங்கள். எங்கள் ‘பரவாயில்லை’ப் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்தது.

பிறகு, குறியிட்டவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க வேண்டும். வெறும் சதவீதம் ஏமாற்றும். 100 செய்திகள், இரண்டு பேர். இருவரும் ஆளுக்கு 20 செய்திகளை ‘அவசரம்’ என்கிறார்கள்; அவற்றில் பொதுவானவை 10. அவசரமில்லை என்று இருவரும் சொன்னவை 70. ஆக 80 சதவீதம் ஒத்துப்போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறி போட்டிருந்தாலும் 68 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் (0.2 × 0.2 + 0.8 × 0.8). தற்செயலைக் கழித்தால் மிஞ்சுவது (0.80 − 0.68) ÷ (1 − 0.68), அதாவது 0.375. ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த காப்பா என்ற அளவு இது. 0.6-க்குக் கீழே வந்தால் ஆளை மாற்றாதீர்கள். ஆள்மேல் தப்பு இருப்பது அபூர்வம், கையேட்டைத் திருத்துங்கள்.

இன்னொன்று, யாரும் செலவுக் கணக்கில் எழுதாதது. நாள் முழுதும் வசவையும் அழுகையையும் படிப்பவர்களும் மனிதர்கள்தாம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று வரம்பு வையுங்கள், முடியாது என்கிற செய்தியைத் தள்ளிவிட அனுமதியுங்கள், கூலியை எண்ணிக்கைக்குக் கொடுக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் முந்தைய மூன்று செய்திகளை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: மாடல்

இதற்கு நிறையப் பாடங்கள் கிடைக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் யூனிகோடைச் சீராக்குங்கள். ‘கொ’ என்ற எழுத்தை ஒற்றைக் கொம்புக்கால் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற நிரல்தொகுதி இதைச் சரிசெய்யும். அடுத்து, பெரிய மாடலுக்குத் தாவாமல், சொற்களுக்குப் பதில் மூன்று, நான்கு எழுத்துத் துண்டுகளை எண்ணி லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய கணக்கு முறையை ஓட்டுங்கள். வரவில்லை, வரவேயில்லை, வந்தபாடில்லை என்று விகுதி மேல் விகுதி ஒட்டும் நம் மொழிக்கு அது வியக்கத்தக்க அளவு வேலை செய்யும், எதனால் அந்த முடிவுக்கு வந்தது என்றும் காட்டும். அதற்குப் பிறகு கூகுளின் முரில், ஃபேஸ்புக்கின் எக்ஸ்எல்எம்-ஆர் போன்ற தமிழ் தெரிந்த மாடல்களை உங்கள் தரவில் பழக்கி ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் சின்னதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எப்படித் தவறுகிறது?

“90 சதவீதம் சரி” என்று சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள், நீங்களே எழுதியதாக இருந்தாலும். ஒரு நாளைக்கு 1,000 செய்திகள் வருகின்றன, அவற்றில் 20 பேருக்கு உண்மையாகவே மனிதர் உடனே பேச வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். இயந்திரம் அவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது: 18 பேர். மீதி 980 பேரில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது: 49 பேர். எச்சரிக்கை மணி 67 தடவை அடிக்கிறது; நாலில் மூன்று வீண். ஒரு வாரத்தில் அலுவலகத்தில் யாரும் மணியைக் கேட்க மாட்டார்கள். எவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் மணி அடிக்க வேண்டும் என்ற எல்லையைத் தீர்மானிக்கும்போது, அந்த 67 போன்களைச் செய்யப்போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கணக்கோடு நிற்காமல் கூறுபோட்டுப் பாருங்கள்: இலங்கைத் தமிழ், தென்மாவட்டத் தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், வயதானவர்கள் குரலில் சொல்லி எழுத்தாக மாறிய தமிழ். எங்களுடையது கடைசி வகையில் படுமோசமாக இருந்தது. அவர்கள்தான் அதிகம் புகார் செய்கிறவர்களும்.

ஏழாம் படி: பதில் சொல்லும் வாய்

பிரிப்பதோடு நிறுத்தாமல் பதிலும் சொல்ல வைக்கப் போகிறீர்கள் என்றால் இங்கே நிதானம் வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நாலு வரி தட்டியதும், “கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?” என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். மனிதர் அவ்வளவு எளிதில் இயந்திரத்திடம் மனத்தைத் திறந்துவிடுகிறார். அதனால்தான் “உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது” என்ற வாசகத்தை இயந்திரத்தின் வாயில் வைக்கக் கூடாது. அதற்குப் புரியவில்லை. “பார்சல் தொலைந்ததாகப் பதிவு செய்திருக்கிறேன், மாலை 5 மணிக்குள் ஓர் ஊழியர் உங்களை அழைப்பார். நான் கணினி நிரல்” என்பது போதும். அழைக்காவிட்டால் அந்த வாசகமும் பொய்யாகிவிடும் என்பது தனி விஷயம்.

முகத்துக்கு நேரே புகழ்கிற நிரலும் ஆபத்துதான். ஓபன்ஏஐ 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் வெளியிட்ட ஒரு மாற்றம், சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறது என்று புகார் எழுந்து சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறு சங்கத்தின் டெஸ்ஸா என்ற சாட்பாட், உண்ணவே அஞ்சுகிறவர்கள் நாடும் இடத்தில் எடை குறைக்க யோசனை சொன்னதால் நிறுத்தப்பட்டது.

பார்சல் புகாரின் நடுவிலும் ஒருவர், “இனி இருந்து என்ன பயன்?” என்று எழுதக்கூடும். எங்களுக்கு வந்தது. அந்த இடத்தில் உங்கள் நிரல் பேசக் கூடாது. மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆள் இல்லாத நேரமானால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்களைக் காட்டிவிட்டு, காலையில் முதல் வேலையாக ஒருவர் அழைக்க வேண்டும். இதற்கான விதியைச் சொற்பட்டியலாக நேரடியாக எழுதி வையுங்கள். மாடலின் கணிப்பை மட்டும் நம்பி விடாதீர்கள். வீண் மணி அடித்தாலும் இங்கே அடிக்கட்டும்.

எட்டாம் படி: வெளியிட்ட பிறகு

வாரம் ஒரு மணி நேரம், குழுவில் ஒருவர் 50 செய்திகளைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தன் கண்ணால் படிக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்துக் கணக்குத் தீர்த்துவிடக் கூடாது. நாங்கள் வியாழக்கிழமை டீக்குப் பின் வைத்துக்கொண்டோம். பொங்கல், தீபாவளி வாரங்களில் 100. அப்போது புதுச் சொற்கள் வரும், பழைய சொற்கள் பொருள் மாறும்.

வாடிக்கையாளருக்கு, “இது தவறு, என்னை மனிதரிடம் விடுங்கள்” என்று சொல்ல ஒரே ஒரு பொத்தான் கொடுங்கள். அதை மூன்று பட்டியல்களுக்கு அடியில் புதைக்காதீர்கள். மொத்த நிரலையும் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பெயர் மேலாளருடையதாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்களில் மூத்தவரின் பெயர் இருந்தது. அவர் இரண்டு முறை நிறுத்தினார். முதல் முறை எங்களைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். இரண்டாம் முறை நிறுத்திவிட்டுச் சொன்னார்.